செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கையடக்கக் கணினிகளும் நம் குழந்தைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, சிறப்பாசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 மார்ச் 31 அன்று முடிவுற்ற ஆண்டில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர்களான நமது சங்கம் ஆற்றிய பணிகள் குறித்த இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை பெற உதவும் முகாம், அவர்களுக்கான நிரமயா மருத்துவக் காப்பீட்டுப் புதுப்பிப்பு, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழா ஆகியவை முந்தைய ஆண்டுகளைப் போலவே குறைவின்றி நடந்தேறின. ஆகவே, இவ்வாண்டில் நமது உழைப்பிலும் விவாதத்திலும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட கையடக்கக் கணினி (டேப்லெட்) திட்டத்தைப் பற்றியே விரிவாகக் கூற விரும்புகிறேன்.

வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரை பரவியிருக்கும் நம் உறுப்பினர்களின் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. மாற்றுத்திறனாளிகளுக்காக 1985 முதல் இயங்கிவரும் வித்யாசாகர் என்னும் தொண்டு நிறுவனம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. விடியுமுன் காசிமேட்டுக்குச் சென்று மீன் எடுத்து விற்கும் ஒரு தாயால், நடக்க இயலாத மகனைத் தூக்கிக்கொண்டு வாரந்தோறும் நகரின் மறுகோடிக்குப் போய்வர முடிவதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கிடைக்கும் பயிற்சியும் வாரத்தில் சில மணி நேரமே. மீதமுள்ள பொழுதெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. அந்தப் பொழுதில் அது பேசவும் படிக்கவும் எதைக் கையில் கொடுப்பது என்ற கேள்வியே இத்திட்டத்தின் தொடக்கம்.

நன்கொடையாக வந்த கருவிகளை நாம் எவருக்கும் உடைமையாக வழங்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் இரவலாகவே கொடுத்தோம். குழந்தைக்குப் பொருந்தாத கருவி பீரோவில் தூங்காமல் வேறொரு குழந்தைக்குச் சென்றுசேர இம்முறையே உதவியது. எந்தச் செயலி எக்குழந்தைக்கு என்பதைச் சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் குழந்தையைப் பார்த்த பிறகே முடிவு செய்தார்கள்.

பேச்சு வராத குழந்தைகளுக்கே முதலிடம் தந்தோம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகிய நிலைகளில் உள்ள இக்குழந்தைகள், படத்தைத் தொட்டால் குரல் ஒலிக்கும் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றுள் 'ஆவாஸ்' நம் சென்னையிலேயே பிறந்தது என்பதைப் பெருமையுடன் குறிப்பிட வேண்டும். ஐஐடி மெட்ராஸில் பயின்ற அஜித் நாராயணன், வித்யாசாகர் குழந்தைகளின் தேவையை அருகிலிருந்து அறிந்து உருவாக்கிய இது, முதலில் தனிக் கருவியாக வந்து பின்னர் செயலியாக மாறியது. செயலியை நிறுவியதும் வேலை முடிந்துவிடும் என்று எதிர்பார்த்த பெற்றோர் பலர். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆயா, இடியாப்பம், சங்கரா மீன், சைக்கிள் கடை அண்ணன், கடற்கரைக் கோயில் என்று அந்தக் குழந்தையின் உலகத்தில் உள்ளவை எல்லாம் செயலிக்குள் வர வேண்டியிருந்தது. தாய்மார்கள் தங்கள் கைப்பேசியிலேயே படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொத்தான் அமைத்தார்கள். ஏட்டுத் தமிழில் ஒலித்த இயந்திரக் குரலுக்குப் பதிலாக வீட்டுக் குரலைப் பதிவு செய்தபோது, அக்குழந்தையின் வயதையொத்த அண்ணனோ அக்காளோ பேசிப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டோம். பத்து வயதுச் சிறுவன் நாற்பது வயதுப் பெண்ணின் குரலில் பேச நேர்வது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எந்தச் சொற்களை வைப்பது என்பதில் செயற்குழுவிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. சோறு, தண்ணீர், கழிப்பறை ஆகியவை போதும் என்றார்கள் சிலர். 'வேணாம்', 'போதும்', 'விடு', 'வலிக்குது', 'கோவமா இருக்கேன்' ஆகிய சொற்களும், உடலின் எல்லா உறுப்புகளின் பெயர்களும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. மறுக்கவும் முறையிடவும் சொல் இல்லாத குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை. தொடர்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், பயிற்சி தொடங்கிச் சில வாரங்களில், 'காது', 'வலிக்குது' என்ற இரு பொத்தான்களை அடுத்தடுத்துத் தொட்டான். மருத்துவர் பார்த்தபோது காதில் சீழ் பிடித்திருந்தது. அதுவரை அவனது செயலைப் பிடிவாதம் என்றே சுற்றியிருந்தோர் கருதிவந்தார்கள்.

கருவி கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சம் பல வீடுகளில் இருந்தது. இத்தகைய தொடர்பு முறைகள் பேச்சைத் தடுப்பதில்லை என்பதையும், சில குழந்தைகளிடம் பேச்சு வளரவே துணைபுரிகின்றன என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிற்சி வகுப்புகளில் நாம் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது, பெரியவர்களும் அதே திரையைத் தொட்டுப் பேச வேண்டும் என்பதே. 'சாப்பிடலாமா?' என்று கேட்கும் தாய் அப்பொத்தானைத் தானும் தொட்டுக் காட்டினால்தான், இது தேர்வு வைக்கும் கருவி அன்று, பேசும் வழி என்பது குழந்தைக்குப் புரியும். அதுபோலவே, பொத்தான்களின் இடத்தை விருப்பம்போல் மாற்றக் கூடாது. குழந்தையின் விரல் அந்த இடத்தைப் பழகி வைத்திருக்கிறது. இடம் மாறினால் அறிந்திருந்த சொல்லை அது இழந்துவிடுகிறது.

ஒரே அறையில் முழுக் குடும்பமும் வாழும் வீடுகளில், தம்பி தங்கைகள் கருவியைப் பறித்து யூடியூப் பார்ப்பது பெரிய சிக்கலாக இருந்தது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலியை மட்டும் திரையில் நிறுத்திப் பூட்டும் வசதியும், ஐபேடில் அதையொத்த வசதியும் உள்ளன. இவற்றைப் பெற்றோர் அனைவருக்கும் கற்றுக்கொடுத்தோம். பேசும் கருவியில் பொழுதுபோக்குக் காணொளிகளை வைக்கக் கூடாது என்பது இரவல் விதிகளில் ஒன்று. தண்டனையாக அக்கருவியைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்பது மற்றொன்று. ஒரு குழந்தையின் வாயை மூடுவதற்கு ஒப்பான அச்செயலை எக்காரணத்தாலும் சங்கம் ஏற்காது.

வாசிப்பில் இடர்ப்படும் மாணவர்களுக்குத் தனியே ஒரு மாலை வகுப்பு நடந்தது. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்குத் தமிழ் எழுத்து சில தனிச் சுமைகளைத் தருகிறது. 247 எழுத்துகள் என்ற எண்ணிக்கை மட்டும் அதற்குக் காரணம் அன்று. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் எழுதப்படுகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் அக்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. கண் செல்லும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் இவ்வாறு வேறுபடும் இடங்களில், உரையை ஒலித்துக்கொண்டே அந்தந்தச் சொல்லை வண்ணமிட்டுக் காட்டும் செயலிகள் பெரிதும் பயன்பட்டன. எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டியதாலேயே வாசிப்பு எளிதான மாணவர்களும் உண்டு. மாதந்தோறும் கட்டணம் கேட்கும் செயலியைத் தேடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கும்படி எல்லாப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் டாக்பேக் திரைவாசிப்பானும், செவித்திறன் குறைந்தோருக்குப் பேச்சை உடனுக்குடன் தமிழ் எழுத்தாகக் காட்டும் செயலியும், 2021இல் 10,000 சொற்களாக விரிந்த இந்திய சைகைமொழி அகராதியும் அறிமுகம் செய்யப்பட்டன. இப்பிரிவில் பணி இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது.

கருவிப் பராமரிப்பில் கற்றவற்றையும் பதிவு செய்ய வேண்டும். உப்புக் காற்று சார்ஜர் துளைகளை விரைவில் அரிப்பதால் அத்துளைக்கு மூடி உள்ள உறைகளை வாங்கினோம். எச்சில் பட்ட திரை விரலைச் சரியாக உணராது என்பதால், துடைக்கும் துணியைக் கருவியோடு கட்டியே கொடுத்தோம். கை நடுங்கும் குழந்தைகளுக்கு, பொத்தான் அளவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைத் திரைமேல் பொருத்தினோம். ஒரு கருவி விழுந்து உடைந்தபோது அதிலிருந்த சொற்றொகுப்பு முழுவதும் அழிந்ததால், இப்போது மாதந்தோறும் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுக்கப்படுகிறது. மின்வெட்டுக்கும் மழைக்கும் துணையாக, அதே படங்களை அதே வரிசையில் அச்சிட்ட லேமினேட் அட்டையும் ஒவ்வொரு குழந்தையிடமும் உள்ளது. நம்மிடம் இல்லாத படங்களுக்கு, ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு இலவசமாக வழங்கும் 'அராசாக்' தொகுப்பைப் பயன்படுத்தினோம்.

பள்ளிகளைப் பற்றி வருத்தத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. பல தலைமையாசிரியர்கள் கருவியை மனமுவந்து வகுப்பில் அனுமதித்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி. ஆனால் ஒரு பள்ளி, மின்னணுப் பொருள்களுக்குத் தடை என்ற பொது விதியைக் காட்டி, ஒரு மாணவியின் பேசும் கருவியை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொடர்பு என்பதன் வரையறையிலேயே மாற்றுத் தொடர்பு முறைகளைச் சேர்த்திருக்கிறது. குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை தகுந்த துணைக் கருவிகளை இலவசமாக வழங்க வேண்டும் என்று அதன் 17ஆவது பிரிவு கூறுகிறது. இவ்விரண்டையும் மேற்கோள் காட்டி நாம் எழுதிய கடிதத்திற்குப் பின் அம்மாணவிக்கு அனுமதி கிடைத்தது. அக்கடிதத்தின் நகலை வேண்டுவோர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

வரும் ஆண்டுக்கென மூன்று தீர்மானங்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது: ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறும் குழந்தையுடன் கருவியும் சொற்றொகுப்பும் தடையின்றிச் செல்வதற்கான மாதிரிக் கடிதத்தைத் தயாரித்தல், திருவொற்றியூர், மணலி பகுதிப் பெற்றோருக்கென அங்கேயே ஒரு பயிற்சி மையம் அமைத்தல், கருவிப் பழுது நிதியைக் கணக்கில் தனித் தலைப்பாக்குதல். இவற்றோடு இவ்வறிக்கையையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்