வீட்டு வேலைக்கும் சேமலாப நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளிர் தினத்தையொட்டித் தாங்கள் எழுதிய தலையங்கத்தை வாசித்தேன். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2016 இல் சட்டமானதையும், 2025 இல் கொழும்பு மாநகர சபைக்குப் பெண் மேயர் வந்ததையும் குறிப்பிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் மலையகத்தின் ஹற்றனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளில் சமைத்து, துவைத்து, முதியவர்களைக் குளிப்பாட்டிப் படுக்கவைக்கும் பெண்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

காலி வீதியில் ஒரு புடைவைக் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரேயொரு விற்பனைப் பெண் இருந்தாலும், முதலாளி அவளுடைய சம்பளத்தில் 8 சதவீதம் கழித்து, தன் பங்காக 12 சதவீதம் சேர்த்து, வயதான காலத்தில் அவள் கைக்கு வரும் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு நிதிக்கு வேறாக 3 சதவீதம். கட்டாமல் விட்டால் தொழில் திணைக்களம் வழக்குப் போடும். அந்தக் கடைக்கு மேல் மாடி வீட்டில் விடியற்காலை தொடங்கி இரவு வரை வேலை செய்யும் பெண்ணுக்கு இதில் எதுவும் கிடையாது. 1958 ஆம் ஆண்டுச் சேமலாப நிதிச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள் வீட்டு வேலையை வெளியே நிறுத்திவிட்டன. 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேயிலைக்கும் அச்சுத் தொழிலுக்கும் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபைகள் உண்டு. வீட்டு வேலைக்கு இல்லை. ஆகவே அவளுடைய சம்பளம் வீட்டுக்கார அம்மாவும் தரகரும் தொலைபேசியில் பேசி முடிக்கும் விடயமாக இருக்கிறது.

எனக்கு இதில் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. தோட்டத்தில் கொழுந்து பறித்த தாய்க்குச் சேமலாப நிதி இருந்தது, பிரசவக் கொடுப்பனவு இருந்தது. அவற்றுக்காக அந்தத் தலைமுறையினர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகள் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்ததும் அந்தச் சேமலாப நிதி அவளுக்கு இல்லை என்றாகிவிடுகிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமா?

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. பதிவும் ஒப்பந்தமும் காப்புறுதியும் இருக்கின்றன. அங்கே எசமான் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால் நாம் கொதிக்கிறோம். இங்கே வேலை செய்பவளுடைய அடையாள அட்டை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று வீட்டுக்காரரின் அலுமாரிக்குள் போவதை யார் கேட்கிறார்கள்? சர்வதேச தொழில் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 2011 இல் நிறைவேற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயம், அடையாள ஆவணங்கள் தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வும் வேண்டும் என்கிறது. எங்கள் மாடிக்குடியிருப்பில் தீபாவளிக்கு ஊருக்குப் போவதுதான் ஓய்வு. அப்போதும் 'போனவள் திரும்பி வருவாளா' என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

'நாங்கள் அவளை எங்கள் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறோம்' என்று சொல்வார்கள். சிலர் உண்மையாகவே அப்படி வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு வரும். இவளுக்கு அறுபது வயதில் முழங்கால் வலியோடு தோட்டத்து லயன் அறைக்குத் திரும்பும் பஸ் டிக்கெட்தான் வரும்.

ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் 12 சதவீதத்துக்கு எங்கே போவார்கள் என்ற கேள்வியும் எழும். அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பகுதியில் பல வீடுகளில் வேலையாளின் சம்பளம் டொரொண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பும் காசில் போகிறது. அங்கே முதியோரைப் பராமரிப்பவருக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் வீட்டில் என்ன கணக்கு என்று அவர்கள் விசாரிப்பதில்லை.

சம்பளச் சபை அமைக்கக் காலம் எடுக்கலாம். சேமலாப நிதிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. எந்தத் தொழில் அதற்குள் வரும் என்பதைத் தொழில் அமைச்சர் ஒழுங்குவிதி மூலம் தீர்மானிக்க முடியும். கூடவே, தமிழில் முறைப்பாடு எடுக்கக்கூடிய அதிகாரி ஒருவர் தொழில் திணைக்களத்தில் எந்நேரமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் வந்தாலும் அது இவர்களுக்குப் பயன்படாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'வீட்டோடு தங்கி வேலை செய்ய மலையகப் பெண் தேவை' என்ற சிறு விளம்பரங்கள் தங்கள் ஞாயிறு இதழிலும் வருகின்றன. சம்பளத்தையும் வாராந்த ஓய்வு நாளையும் குறிப்பிடாத விளம்பரங்களை ஏற்பதில்லை என்று அறிவிக்க எந்த அமைச்சரின் கையொப்பமும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06