கழனியை மூடிய மணலுக்கு நிவாரணம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபெஞ்சல் புயல் பற்றிய தங்கள் செய்தியில், "பாதிக்கப்பட்ட விவசாயிகள் அனைவருக்கும் நிவாரணம் முழுமையாக வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி வந்திருந்தது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த ஒரு வரி எங்கள் ஊரில் பலர் மனதைப் புண்படுத்திவிட்டது.

வந்தது பயிருக்கான பணம், எக்டேருக்கு 17,000 ரூபாய். வந்ததை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பயிர் போனால் அடுத்த பட்டத்தில் நடலாம், ஆனால் நடுவதற்குக் கழனி வேண்டுமே! 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்தது தாங்கள் அறியாததல்ல. தென்பெண்ணை கரை புரண்டு வந்து, என் சம்பா நெல்லின் மேல் ஓர் அடிக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. மண்வெட்டியால் தோண்டினால் மணலுக்கு அடியில் அழுகிய நெற்பயிர் கறுப்பாக, நாற்றத்தோடு வருகிறது.

மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்திருந்தால் அதை அகற்ற எக்டேருக்கு 18,000 ரூபாய் தரலாம் என்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதியிலேயே இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர்கள் பயிரைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். மணலை அளக்க ஒருவரும் ஓர் அளவுகோலை ஊன்றிப் பார்க்கவில்லை. அந்தத் தொகை கிடைத்தாலும் ஏக்கருக்கு 7,300 ரூபாய்கூட வராது. ஓர் ஏக்கரில் ஓர் அடி மணல் என்றால் 435 யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் அள்ளினால் 145 நடை. ஒரு நடைக்கு ஐம்பது ரூபாய்! டீசலுக்குக் காணுமா? ஜேசிபி வாடகைக்கு யாரிடம் கடன் கேட்பது? சொந்தச் செலவில் அள்ளினாலும் அனுமதிச் சீட்டு இல்லாத மணல் என்று வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்று டிப்பர்காரர்கள் வர மறுக்கிறார்கள்.

இது இன்று தொடங்கிய குறை அல்ல. இதே தென்பெண்ணையில் 25 கோடி ரூபாயில் கட்டிய தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. கரையில் இருக்கும் எங்களிடம் அப்போது யார் என்ன கேட்டார்கள்? பக்கத்துக் கழனிக்காரரின் கறவை மாட்டை ஆறு அடித்துக்கொண்டு போனது. மாட்டுக்கு 37,500 ரூபாய் உண்டு என்று போனால், பிரேதப் பரிசோதனைச் சான்று கேட்டார்கள். உடலே கிடைக்காத மாட்டுக்குச் சான்றுக்கு அவர் எங்கே போவார்? குத்தகைக்குப் பயிர் வைத்தவர் நட்டத்தைச் சுமக்கிறார், பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகிறது. இத்தனையும் இருக்கும்போது "முழுமையாக" என்று எழுதத் தங்கள் நிருபருக்கு எப்படி மனம் வந்தது?

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மணல் அகற்றும் உதவித்தொகை என்று ஒன்று உண்டு, அதற்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும் என்பதை மாவட்டப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வந்து எங்கள் கழனிகளில் மணலை அளக்கவும், பட்டா நிலத்தில் படிந்த மணலை வழக்கில்லாமல் வெளியேற்ற அனுமதி தரவும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டு எழுதுங்கள். ஆடிப் பட்டத்துக்குள் அள்ளினால்தான் இந்த ஆண்டு விதைக்க முடியும்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை விவசாயி ஒருவர்,
திருவெண்ணெய்நல்லூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.