ஆல்பத்தில் கை வைத்துவிட்டேன்

ஆலந்தூர்,
சென்னை.

அன்புள்ள பாப்பா,

இங்கு நாங்கள் நலம். மாப்பிள்ளையும் குட்டியும் நலமா? இந்த வாரம் மழை விட்டு விட்டுப் பெய்கிறது. துவைத்த துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை.

விண்வெளிப் பயணச் சின்னங்களை நீ சேர்த்து வைத்திருக்கும் ஆல்பத்தில் இருப்பதையெல்லாம் முன்னும் பின்னும் படம் பிடித்து அனுப்பச் சொன்னாய். அனுப்பிவிட்டேன். ஒன்றை மட்டும் அனுப்பவில்லை. அதைப் பற்றிச் சொல்லத்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும். நீயும் பாதியிலேயே குறுக்கிடுவாய்.

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதமிப் பிள்ளைகளுக்குப் பெயர்ப்பட்டையும் தோள் பேட்ஜும் தைத்துக் கொடுத்தே உன்னைப் படிக்க வைத்தவள் நான். 'பேட்ஜ் இல்லை அம்மா, பேட்ச்' என்று நீ திருத்துவாய். எங்கள் கடையில் எல்லாமே பேட்ஜ்தான். எது கைக்கு வந்தாலும் முதலில் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். கேன்வாஸ் எப்படி வைத்திருக்கிறார்கள், நூலை எங்கே வெட்டியிருக்கிறார்கள், ஓரம் ஓவர்லாக்கா, வெறும் கத்தரி வெட்டா என்று பார்த்தாலே தைத்தவரின் பொறுமை தெரிந்துவிடும். இத்தனை வருஷமும் உன் ஆல்பத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. உன் பொருள், நான் ஏன் ஆராய வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

படைக்காரர்களின் சின்னத்துக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு காலத்தில் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? ஆல்பத்தில் நீ எழுதி ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளை இப்போதுதான் வரிசையாகப் படித்தேன். 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் போன கார்டன் கூப்பர் அமெரிக்க விமானப்படைக்காரர். ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவுக்கு ஒரு சின்னம் இருப்பதுபோல எங்கள் பயணத்துக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். கூண்டு வண்டிப் படம், அதில் 'எட்டு நாள், இல்லையேல் தோல்வி' என்ற பொருளில் ஒரு வாசகம். எட்டு நாள் தாக்குப்பிடிக்காவிட்டால் மானம் போகுமே என்று நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப் பயந்து, பயணம் முடியும்வரை அந்த வாசகத்தைத் துணித்துண்டால் மறைக்கச் சொன்னாராம். எனக்கு இந்தக் கதைதான் மிகவும் பிடித்தது. மேலதிகாரி வந்து கடைசி நேரத்தில் 'இதை மறைத்துத் தைத்துக் கொடம்மா' என்று நிற்பது ஆலந்தூரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் பக்கத்தையும் பார்த்தேன். 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் கிளம்பியபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஸ்குவாட்ரன் லீடர் சர்மாவின் செய்தித்தாள் படத்தை உன் அப்பா பீரோ கதவில் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டினார். அந்தக் கறை இன்னும் இருக்கிறது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா போனபோதும் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. சுக்லாவும் விமானப்படைதான். நம் ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்ந்த நால்வருமே விமானப்படை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதைப் பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. உன் அப்பா தன் சட்டையிலும் இறக்கைச் சின்னம் ஒன்று தைத்துத் தரும்படி கேட்டார். படைவீரர் என்று பிறர் நம்பட்டும் என்று அணிவது குற்றம், அடையாள அட்டை காட்டாதவருக்கு நான் தைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது உன் அப்பா பர்மா பஜாரில் 350 ரூபாய் கொடுத்து வாங்கி வந்த, நிலாவுக்குப் போன அப்பல்லோ 12 பயணத்தின் பேட்ஜ். 'நிலாவில் நடந்தவர் உடையில் இருந்து எடுத்தது' என்று கடைக்காரர் சொன்னதாகப் பெருமையாகச் சொன்னார். அந்த மாதம் மளிகைக் கடையில் கடன் சொன்னேன்.

அது நிலாவுக்குப் போனதில்லை, பாப்பா. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அடித்து நீ சோதிக்கச் சொன்னாய். புது நூல் பளிச்சென்று ஒளிரும் என்றாய். அடித்தேன், ஒளிர்ந்தது. ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதே. சலவைத்தூள் பட்டாலும் ஒளிரும். உன் ஆல்பத்தில் அழுக்காக இருந்தவற்றை ஒருமுறை நான் துவைத்து வைத்தேன். எவை எவை என்று இப்போது கேட்காதே.

எனக்கு விடை கிடைத்தது உன் சீட்டில்தான். 1967 ஜனவரியில் அப்பல்லோ 1இல் தீப்பிடித்து மூன்று பேர் இறந்த பிறகு, தீப்பிடிக்காத கண்ணாடி இழைத் துணியைக் கொண்டுவந்தார்கள். பீட்டா துணி என்று எழுதியிருக்கிறாய். விண்வெளி உடையில் இருந்த சின்னங்களை அந்தத் துணியில் அச்சடித்தார்கள், நூலில் தைக்கவில்லை. உன் அப்பா வாங்கியதோ முழுக்க எம்பிராய்டரி. என் தொழிலுக்கு நிலாவில் இடமில்லை என்று தெரிந்து கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

போன வாரம் இதைச் சொன்னபோது, 'போலி என்றால் குப்பையில் போடம்மா' என்றாய். உன் மேல் தப்பில்லை, சேகரிப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். போடுவதற்குத்தான் வெளியே எடுத்தேன். எடுத்த கையோடு உன் சீட்டையும் படித்தேன். அப்பல்லோ 12இல் போன கான்ராட், கார்டன், பீன் மூவரும் கடற்படைக்காரர்கள். அதனால்தான் பாய்மரக் கப்பலும் கடற்படையின் நீலமும் பொன்னிறமும். வானத்தில் நான்கு நட்சத்திரங்கள். போனது மூவர். நான்காவது, கிளிஃப்டன் வில்லியம்ஸுக்கு. பீன் உட்கார்ந்த இடத்தில் அவர்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். 1967 அக்டோபரில் விமான விபத்தில் இறந்துபோனார். அவருக்கும் ஒரு நட்சத்திரம் வைக்கச் சொன்னவர் பீன்.

நம் பேட்ஜில் எண்ணினேன். மூன்றுதான் இருந்தன.

எண்ணத் தெரியாமல் விட்டானா, மூன்று பேருக்கு எதற்கு நான்கு என்று திருத்தினானா, நூலை மிச்சப்படுத்தினானா, தெரியவில்லை. கப்பலின் கயிறுகளைக்கூட ஒழுங்காகத் தைத்திருக்கிறான். எனக்கு ஆத்திரமாக வந்தது. போலி என்பதற்காக இல்லை. செத்தவனுக்கு வைத்த இடத்தை எடுத்துவிட்டான் பார், அதற்கு.

அன்று மத்தியானம் உன் அப்பா தூங்கும்போது மெல்லிய ஊசி எடுத்து, மற்ற மூன்றின் நிறத்துக்கு ஒத்த நூல் தேடி, உன் சீட்டோடு இருந்த படத்தைப் பார்த்து நான்காவதைத் தைத்துவிட்டேன். கண்ணாடி போட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. சேகரிப்பவர்கள் பொருளில் கை வைக்கக் கூடாது என்று நீ ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாய். வைத்துவிட்டேன். அதனால்தான் படம் அனுப்பவில்லை. பின்பக்கத்தைப் பார்த்தால் என் முடிச்சு உனக்குத் தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு சங்கதி. நேற்று உன் அப்பா ஆல்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு உன் சீட்டைப் படித்தார். பூதக்கண்ணாடியில் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். 'பார்த்தாயா, நான்கும் இருக்கின்றன. அன்றைக்கே சொன்னேன், அசல்தான். 350 ரூபாய்க்குக் கத்தினாயே' என்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து உன்னிடமும் சொல்வார். ஆமாம் அப்பா என்று மட்டும் சொல்.

குட்டியின் தோள் அளவும் மார்பளவும் எழுதி அனுப்பு. பாவாடைத் துணி வெட்டாமல் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா