சேனைக்கிழங்கைக் குழியில் வைத்துவிட்டு வருகிறோம்

செங்கோட்டை
மாசி 18

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், கண் கம்ப்யூட்டரில் இருக்கும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

"நாலு செடிதானே, பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வாரமே கிளம்பி வாங்க" என்றாய். வீட்டைப் பூட்ட ஒரு நிமிஷம் போதும். புறவாசல் தோட்டத்தை ஒதுக்க எனக்கு மாசி முழுதும் வேண்டும், பங்குனியிலும் நாலு நாள் கடன் கேட்பேன்.

அவரை ஓய்ந்துவிட்டது. ஆடியில் போட்ட விதை, கார்த்திகையில் பகல் குறுகிய பிறகுதான் பூத்தது. அந்தப் பந்தல் அவரை அப்படித்தான், அதற்கு முன்னால் எவ்வளவு சீராட்டினாலும் கொடிதான் ஓடும். மார்கழியும் தையும் நாங்கள் தின்று, தெருவுக்கெல்லாம் கொடுத்து, கடைசியில் உன் அப்பா "இன்றைக்கும் அவரையா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்கிற அளவுக்குக் காய்த்தது. இப்போது கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கிடக்கிறது, எறும்பு அதற்கு மேய்ச்சல்காரன் மாதிரி மேலும் கீழும் போய்வருகிறது. நேற்றுக் கொடியை எடுத்துவிட்டேன். பிடுங்கவில்லை, பண்ணரிவாளால் அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டேன். அவரை வேரில் சின்னச் சின்ன முண்டு இருக்குமே, அதிலிருக்கிற தழைச்சத்து அங்கேயே மட்கி அடுத்த செடிக்குப் போகட்டும்.

விதைக்கு வேண்டிய காயைத் தையிலேயே சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன். தின்றது போக மிஞ்சின சூம்பலை விதைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ஆகாது. கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது பறித்து உடைத்தேன். இரண்டு நாள் வெயில் காட்டி, செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்திருக்கிறேன், வண்டு விழாது. ஒரு டப்பா உனக்கும் உண்டு. உன் பால்கனியில் பந்தல் போட இடமில்லை என்று தெரியும். இருக்கட்டும்.

கத்தரியில்தான் எங்களுக்குள் சண்டை. ஐந்து காய் பறித்தால் மூன்றில் புழு. அப்பா மிச்சம் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் காய்க்கிற செடியைப் போய்ப் பிடுங்குவாளா ஒருத்தி" என்கிறார். முன்பு ஒரு தடவை, உன் சித்தி மகள் பிரசவத்துக்காக எல்லாவற்றையும் நின்றது நின்றபடி விட்டுவிட்டுப் போனோமே, நினைவிருக்கிறதா? ஒன்றரை மாதம் கழித்து வந்து பார்த்தால் வெண்டையில் மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி அடைந்து, அங்கிருந்து வாசல் செம்பருத்திக்கும் தாவியிருந்தது. அந்தச் செம்பருத்தி உன் ஆச்சி வைத்தது. அடியோடு வெட்டித்தான் அதைப் பிழைக்கவைத்தேன். ஆள் இல்லாத தோட்டத்தில் காய்ந்துபோகிற செடியால் மோசமில்லை, அரைகுறையாகப் பச்சையாக நிற்கிறதே, அதுதான் பூச்சிக்குச் சத்திரம். இதைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்தார். ஒரு செடியை மட்டும் விட்டுவைத்தார், விதைக்கு என்று. அதில் ஒரு காய் மஞ்சளாகப் பழுத்துத் தொங்குகிறது. பிசைந்து தண்ணீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைக்க வேண்டும்.

தக்காளியைப் பிடுங்கியபோதுதான் மனசு கெட்டது. வேரெல்லாம் பாசிமணி கோத்தது மாதிரி முடிச்சு. நூற்புழு, வேருக்குள் புகுகிற கண்ணுக்குத் தெரியாத புழு. இந்த வருஷம் அந்தப் பாத்தி ஏன் தண்ணீர் விட்டும் வாடியது என்று இப்போதுதான் புரிகிறது. நான் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வேரைக் குப்பைக்குழியில் போடாமல் காயவைத்து எரித்துவிட்டோம். இனி அந்தப் பாத்திக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் கிடையாது. கொத்திப் புரட்டிக் கோடை வெயிலில் கிடக்கட்டும். திரும்பி வந்ததும், செண்டுமல்லி என்பார்களே, அந்தக் கேந்தியைப் போடப் போகிறேன்; அதன் வேருக்கு நூற்புழு அடங்கும். ஓணத்துக்குப் பூ கேட்டுக் கேரளப் பக்கத்து ஆட்கள் வருவார்கள் என்று அப்பா இப்போதே கணக்குப் போடுகிறார். ஒரு பாத்திப் பூவுக்கு!

பிஞ்சுக் கத்தரியெல்லாம் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து மாடியில் வற்றல் காய்கிறது. மோர் மிளகாயும் உண்டு. மருமகளிடம் டப்பா காலி செய்து வைக்கச் சொல்.

இனி சேனை. நீ "எல்லாத்தையும் மூடிட்டு" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது இதனால்தான். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது அல்லவா, உன் ஆச்சி கடைசிவரைக்கும் மாசியைக் கும்பம் என்றும் பங்குனியை மீனம் என்றும்தான் சொல்வாள். "கும்பத்தில் நட்டால் குடத்தோளம், மீனத்தில் நட்டால் மீன்கண்ணோளம்" என்று மலையாளத்தில் சொல்லிச் சொல்லி (மாசியில் நட்டால் கிழங்கு குடம் அளவு, பங்குனியில் நட்டால் மீன்கண் அளவு), கல்யாணமாகி வந்த முதல் மாசியிலேயே என்னைக் குழி வெட்ட வைத்தாள். மற்றதெல்லாம் எடுக்கிற மாதத்தில் இது ஒன்று மட்டும் உள்ளே போகும். அவரை நின்ற இடத்திலேயே இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஆறு குழி வெட்டச் சொல்லி ஆளிடம் சொல்லியிருக்கிறேன். துண்டுகளைச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தியாயிற்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முளைக்கண் இருக்க வேண்டும், அதை நானே பார்த்து வெட்டினேன். தொழு உரமும் சாம்பலும் மேல்மண்ணும் போட்டு மூடி, மேலே சருகைக் குவித்தால் அதன் பாட்டுக்குக் கிடக்கும். நம்மைத் தேடாது. கோடை மழை ஒன்று விழுந்தால் முளைக்கும்.

தென்னை மூட்டில் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, அடுக்குவது பாக்கி. பந்தல் மூங்கிலில் இரண்டு செல்லரித்துவிட்டது. அதை மாற்றாமல் போனால் ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மிச்சத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

ஆகவே இப்படி வைத்துக்கொள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் பொதிகை ரயிலில் ஏறுகிறோம். விடியற்காலை தாம்பரத்துக்கு வந்துவிடு, அப்பா பைகளைத் தூக்கக் கூடாது. "இங்கேயே இருந்துவிடுங்கள்" என்று நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும், மருமகளும் நல்ல மனசோடுதான் சொல்கிறாள். ஆனால் வைகாசி பாதிக்குள் நான் இங்கே இருக்க வேண்டும். ஜூன் பிறந்து கேரளப் பக்கம் மழை பிடித்தால் இங்கே சாரல் வந்துவிடும், நாற்றுப் பாத்தி அதற்குள் தயாராக வேண்டும். ரயிலுக்கு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் பதிவு என்கிறார்கள். நாங்கள் வந்து இறங்கும்போது திரும்புகிற தேதிக்கும் திறந்திருக்கும். அன்றைக்கே போட்டுவிடு. அப்பாவுக்குக் கீழ் பெர்த்.

அன்புடன்,
அம்மா