பன்றிக் காய்ச்சல்: மூச்சைக் கவனியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்றிக் காய்ச்சலின் அறிகுறிகள் என்று தங்கள் இதழில் வந்த பட்டியலில் தவறில்லை. ஆனால் அதிலுள்ள காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடல்வலி எல்லாம் எந்த ஃப்ளூவுக்கும் உண்டு. அவற்றை மட்டும் வைத்து, பன்றிக் காய்ச்சலை உண்டாக்கும் எச்1என்1 வைரஸ்தான் என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு மூக்கு, தொண்டைச் சளியை, வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் முறையில் சோதிக்க வேண்டும்.

ஜலதோஷத்திலிருந்து ஃப்ளூவைப் பிரித்தறிவது அவ்வளவு கடினமல்ல. ஜலதோஷம் மூக்கொழுகலில் தொடங்கி மெல்ல ஏறும். ஃப்ளூ சொல்லாமல் வரும்: காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் குளிர்நடுக்கத்தோடு படுத்துவிடுவார். சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேரும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் போகலாம் என்பதால் தெர்மாமீட்டரை மட்டும் நம்பக் கூடாது.

பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். பட்டியலில் விடுபட்டது நோய் முற்றுவதற்கான அடையாளங்கள்தான். நாலடி நடந்தாலே மூச்சிரைப்பது, நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, உதடு நீலம் பாரிப்பது, நிற்காத வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில். காய்ச்சல் விட்டு, 'சரியாகிவிட்டது' என்று எழுந்து நடமாடும்போது மீண்டும் காய்ச்சலும் முன்னைவிட மோசமான இருமலும் வந்தால், பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கக்கூடும்.

குழந்தை தூங்கும்போது அதன் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40; இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமூச்சு. மூச்சிழுக்கையில் விலா எலும்புக்குக் கீழே குழிவிழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

கர்ப்பிணிகள், 5 வயதுக்கு உட்பட்டவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அடையாளங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஃப்ளூ வைரஸை அடக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை, நோய் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். சோதனை முடிவு வரும்வரை இவர்களுக்கு மருந்தைத் தள்ளிப்போடுவதில்லை. அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர், மருந்துக்கடைக்காரர் அல்ல. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரும் ஆபத்து உண்டு.

இப்படிக்கு,
வாசக மருத்துவர்கள் இருவர்