மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தொலைநோக்கி பழுதுபார்க்கப் போயிருப்பதால் வான்நோக்கு நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. மன்றம் இந்த ஆண்டு முழு மூச்சாக ஈடுபட்டது வேறொன்றில்: ‘எல்லா நேரமும் அல்ல, ஆனால் எதிர்காலமோ பிறர் மனமோ எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது’ என்பவர்களின் கூற்றைச் சோதிப்பதில்.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2025 மே மாதம் மறைந்தார். அஞ்சலிக் கூட்டத்தில், அவர் நண்பர்களுடன் மகாராஷ்டிரத்தில் நடத்தி 2008இல் முடிவை அறிவித்த ஜோதிடச் சோதனையைப் பற்றிப் பேசினோம். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்கள் திரட்டப்பட்டன. எது யாருடையது என்ற குறிப்பு புள்ளியியல் பேராசிரியர் ஒருவரின் பாதுகாப்பில் இருந்தது. ஆளுக்கு 40 ஜாதகம் பெற்று 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சராசரியாக 46 சதவீதம் சரி. பூவா தலையா போட்டாலே 50 வரும். மொத்தம் 1080 தீர்ப்புகள். அத்தனை இருக்கும்போது, 55 சதவீதம் சரியாகச் சொல்லும் சிறு திறமை இருந்திருந்தாலும் வெளிப்பட்டிருக்கும். இந்தச் சோதனையின் வலுவே அதுதான்.

அதைக் கேட்ட அன்பர் ஒருவர், பிறர் மனத்தில் நினைக்கும் படத்தைத் தம்மால் ஓரளவு உணர முடியும் என்று தாமாகவே முன்வந்தார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இத்தகைய திறமைகளை ஆராய்ந்த ஜே.பி. ரைன் பயன்படுத்திய முறையையே எடுத்துக்கொண்டோம்: வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஆக 25 அட்டைகள். நாங்கள் வெட்டிய அட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது பின்பக்கத்தில் நட்சத்திரத்தின் முனை நிழலாடியது. எல்லாவற்றுக்கும் கறுப்புத் தாள் ஒட்டினோம். அட்டையைப் பார்ப்பவர் அடுத்த அறையில் அமர்ந்தார். முகக்குறிப்பே விடை சொல்லிவிடும் அல்லவா?

முதல் சுற்றில் அன்பருக்கு 9 சரி. அரங்கில் கைதட்டல். குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரியாக 5 வரும். 9 அல்லது அதற்கு மேல் வருவது ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு நேரும். எத்தனை சுற்று, எங்கே நிறுத்துவது என்பதை முன்பே எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கியிருந்ததால் தொடர்ந்தோம். எல்லாச் சுற்றையும் கூட்டியபோது ஐந்தில் ஒன்றுக்கு அருகிலேயே நின்றது. அவர் முகம் கோணாமல் இறுதிவரை இருந்தார். அவருக்கு மன்றத்தின் மனமார்ந்த நன்றி.

‘இதற்கு ஏன் இத்தனை சுற்று?’ என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். 100 முறை நாணயம் சுண்டி 53 தலை விழுந்தால் அதில் வியப்பே இல்லை. 10,000 முறையில் 5,300 விழுந்தால் நாணயத்தைச் சந்தேகித்தே ஆக வேண்டும். கூற்று எவ்வளவு சிறியதோ, சோதனை அவ்வளவு நீள வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டேரில் பெம் 2011இல் வெளியிட்ட ஒன்பது பரிசோதனைகளில் முதலாவதில், குருட்டாம்போக்கில் 50 வரவேண்டிய இடத்தில், வரப்போவதை முன்னறிந்ததாகக் கிடைத்த அளவு 53.1 சதவீதம். அவருடைய ஒன்பதாவது பரிசோதனையைப் பிரிட்டனில் மூன்று இடங்களில் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. அது 2012இல் வெளியானது. நாமும் ஒருமுறை கிடைத்த முடிவோடு நின்றுவிடக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

வரும் ஆண்டில், தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை அழைக்க விரும்புகிறோம். மூடிய பீப்பாய்களில் சிலவற்றில் மட்டும் நீர் இருக்கும். வாளி, பீப்பாய் தரக்கூடியவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது படிப்பார்.