பாதையைத் தவறவிட்ட வெள்ளிக்கிழமை

கல்லடி,
12.09.2018

அன்பின் ராஜி,

நலம். நீங்களும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பேரனின் போனில் பார்த்தேன். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நீ நிற்கிற படம் நன்றாக இருக்கிறது, அந்தத் தொப்பிதான் உனக்குப் பொருந்தவில்லை. என் முழங்கால் முந்தியதைவிடப் பரவாயில்லை. மாமரம் இந்த முறை ஏமாற்றிவிட்டது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

படங்களோடு நீ எழுதியிருந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். "மூன்று நாளில் மட்டக்களப்பு முடிந்துவிட்டது, நாலாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் ஹோட்டலில் படுத்துக் கிடந்தோம்" என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் கோபம் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் கழித்து வந்தவள், ஊர் முடிந்துவிட்டது என்கிறாளே! கோபம் ஆறப் பத்து நாள் ஆனது. ஆறிய பிறகு யோசித்தால் பிழை உன்னில் இல்லை. கோட்டை, வெளிச்சவீடு, பாலம், பாசிக்குடா. உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே. யார் வந்தாலும் நாங்கள் காட்டுவது அதே நாலு இடம்தான்.

கோட்டையையே எடுத்துக்கொள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, பத்து வருஷத்தில் ஒல்லாந்தர் பிடித்தது என்று உன் பிள்ளைகளுக்குப் பாடம் ஒப்புவித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அது இருபத்தொன்பது வருஷம் கந்தோர். மாவட்டக் கச்சேரி, அதுதான் அரசாங்க அலுவலகம், அப்போது அதற்குள்ளேதானே இருந்தது. பின்னேரம் வாவிக்காற்று எழும்பினால் மேசையில் ஒரு தாள் நிற்காது. அதனால் பைல்களுக்கு மேலே வைக்க ஆளுக்கொரு கல் வைத்திருப்போம். மற்றவருடைய கல்லைத் தொடக்கூடாது, அது எழுதாத சட்டம். என் கல் முட்டைபோல வழுவழுப்பாக இருக்கும், ஓய்வு பெற்ற அன்று அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மத்தியானம் பீரங்கிக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்போம். இதெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கலாம். இது ஒரு கதையா என்று நினைத்துவிட்டேன்.

உன் மகன் கெட்டிக்காரன். வந்த இரண்டாம் நாளே படகு பேசிக்கொண்டு ஹேர்மஸ் கப்பலைப் பார்க்கக் கடலுக்கடியில் இறங்கிவிட்டான். நானும் நீயும் கச்சான் கொறித்துக்கொண்டு வெறித்துப் பார்த்திருந்த அதே கல்லடிக் கடல்தான். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு, முந்நூற்றேழு பேரோடு தாழ்ந்த கப்பல் அது. ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அவன் மேலே வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை, கவனித்தாயா? நீ களைப்பு என்று நினைத்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை.

சரி, நிலா இரவில் வாவிக்குள் கேட்கும் என்று ஊரே சொல்கிற மீன் பாட்டுக்கு வருகிறேன். உங்களை ஏற்றிப்போனவர் படகு இஞ்சினை நிறுத்தவேயில்லை. "மீன் பாடல்ல, இஞ்சின்தான் பாடிச்சு" என்று நீ சொல்லிச் சிரித்தாய். நீ போன பிறகு, ஆடிப் பூரணை, ஜூலை 27, வெள்ளிக்கிழமை. அன்று நள்ளிரவோடு சந்திர கிரகணம். பக்கத்து வீட்டுத் தம்பி வாவியில் தோணி வைத்து இறால் பிடிப்பவர். "கிரகணம் பிடிக்க முதல் கரைக்கு வந்திரணும் அக்கா" என்ற ஒப்பந்தத்தோடு இரவு ஒன்பது மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, பிடியைக் காதில் வைக்கச் சொன்னார்.

முதலில் என் காதுக்குள் என் நாடித்துடிப்புத்தான் கேட்டது. அப்புறம் புதுப் பாலத்தில் போன ஒரு லொறி. கால்மணி நேரம் போயிருக்கும், கழுத்து பிடித்துக்கொண்டது, இறக்கிவிடலாம் என்று நினைக்கும்போது கேட்டது. மூன்று வீடு தள்ளி யாரோ தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல இருந்தது. ஒரு கம்பியில்லை, பல கம்பி. துடுப்பை எடுத்தால் இல்லை, வைத்தால் இருக்கிறது. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இந்த வாவியில் கேட்டதைத்தான் நானும் கேட்டேன். 1950களில் லாங் என்ற யேசுசபைக் குருவானவர் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தாரே, அதுவும் இதே சத்தம்தான். ஊர் முழுக்க 'மீன் பாடும் தேனாடு' என்று எழுதி வைத்திருக்கிறோம். தம்பி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "மீனுக்கு வேற வேலை இல்லையா அக்கா? இது ஊரி" என்றார். ஊரி என்றால் தண்ணீருக்கடியில் கிடக்கிற ஓட்டுப் பூச்சி, நத்தை மாதிரி. பதினொன்றரைக்குக் கரைக்கு வந்துவிட்டோம். எனக்கு அறுபத்துமூன்று வயது, கல்லடியில் பிறந்து வளர்ந்தவள், கேட்டது இதுதான் முதல்தரம். இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

அந்த இரவு எனக்குள் ஏதோ ஒரு ரோசத்தைக் கிளப்பிவிட்டது. மண்டூர் முருகனிடம் ஒருதரமாவது தனியாகப் போகவேண்டும் என்று முடிவு செய்தேன். உனக்கு நினைவிருக்கும், நாங்கள் எழுவான்கரைப் பிள்ளைகள். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் நம் பக்கம் எழும்பி அவர்கள் பக்கம் படும், அவ்வளவுதான் பெயர்க் காரணம். சண்டைக் காலத்தில் அந்தக் கரை ஊர்கள் நமக்கு வானொலிச் செய்தியில் கேட்கிற பெயர்களாக இருந்தன. இப்போது கொக்கட்டிச்சோலைக்கு மண்முனைப் பாலம் இருக்கிறது. 2014இல் திறந்தார்கள். பஸ்ஸில் பாட்டுக் கேட்டபடி கடந்துவிடலாம். மண்டூருக்குக் குருமண்வெளியில் இன்னும் பாதைதான். கனடாவில் இருந்து பாதையின் அர்த்தத்தை மறந்திருப்பாய். நமக்குப் பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மிதப்பது.

ஆவணித் திருவிழாச் சனம் எல்லாம் போன அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். பாதையில் மூன்று மோட்டார்சைக்கிள், ஒரு ஓட்டோ, ஒரு கன்றுக்குட்டி, நான். கன்று என் சேலைத் தலைப்பைச் சப்பியது. கோயிலில் கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். மந்திரச் சத்தம் இல்லை. கதிர்காமத்தில் பார்த்திருக்கிறாயே, அதே முறை. திருவிழாக் கூட்டத்தில் இது கண்ணில் படாது. ஆளில்லாத நாளில் மணிச்சத்தம் நின்றதும் வருகிற அமைதி, பக்கத்தில் நிற்பவர் மூச்சு கேட்கிற அளவுக்கு இருந்தது. வெளியே வாவிக்கரையில் தில்லை மரங்கள். பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று அம்மா பயமுறுத்துவா, அந்த மரம். எட்டி நின்று பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டேன். துறைக்கு வந்தால், கடைசிப் பாதை கரையைவிட்டு ஐம்பது யார் தூரம் போய்விட்டது. அதிலிருந்தவர் கையை ஆட்டினார். வா என்றா, போய்வருகிறேன் என்றா, தெரியவில்லை.

வெள்ளாவெளி சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போகலாம். ஓட்டோக்காரப் பொடியன் "இரவில யானை நிக்கும் அம்மா, ஏலாது" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. துறையடியில் வெற்றிலையும் கச்சானும் விற்கிற ஒரு கிழவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவ. எண்பதுக்கு மேல் இருக்கும். "பாதை போனாப் போகட்டும். நாளைக்கும் வரும்தானே. இரிங்க, கடையப் பூட்டிட்டு வாறன்" என்றா.

நடந்து போகும்போதே முதல் கேள்வி: "நீங்க என்ன குடி?"

தாய்வழியில் வருகிற குலத்தைக் கேட்கிறா. எத்தனை வருஷமாயிற்று இந்தக் கேள்வியைக் கேட்டு! டவுனில் இப்போது யார் கேட்கிறார்கள்? அம்மாவின் ஊர்க் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடிக்கு. எங்கள் நாளில் அம்மா விடியற்காலையில் எழுப்பிவிடுவா. அதனால் எனக்கு மறக்கவில்லை. சொன்னேன். கிழவி நடுத்தெருவில் நின்றுவிட்டா. அவவும் அதே குடி. தாய்வழியில் ஒரே குடி என்றால் உடன்பிறப்பு முறைதானே. அதுவரைக்கும் 'அம்மா' என்று கூப்பிட்ட நான் அந்த இடத்திலிருந்து 'பெரியம்மா' என்றேன். அவவும் 'நீங்க'வை விட்டுவிட்டு 'புள்ள' என்று தொடங்கிவிட்டா.

பெரியம்மாவுக்கு மூன்று மகள்மார். மூன்று பேருக்கும் வீடு கொடுத்தாயிற்று. முன்வளவில் கல்வீட்டில் கடைசி மகளும் மருமகனும், பின்வளவில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இவ. "வீடெல்லாம் என்டதுதான் புள்ள. படுக்கிறது மட்டும் இஞ்ச" என்று சொல்லிச் சிரித்தா. வெள்ளிக்கிழமை என்பதால் மீனில்லை. பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சட்டித்தயிர். தயிரை அகப்பையால் வெட்டி வைத்தபோது அது இலையில் ஆடாமல் நின்றது. உங்கள் ஹோட்டல்காரர் கிண்ணத்தில் தந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு முற்றத்தில் பன்பாயை விரித்துப் படுத்தோம். நிலா இன்னும் எழும்பவில்லை. வட்டைப் பக்கம் அறுவடை மெஷின் ஒன்று வெளிச்சம் போட்டுக்கொண்டு சிறுபோக வயலில் போய்வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் பெரியம்மா களவெட்டிக் கதைக்கு வந்தா. களவெட்டி என்றால் நெல் மிதிக்கிற களம். முந்தி எருமைகளை வளைத்துச் சூடு மிதிக்கிற இரவுகளில் களவெட்டிக்குள் ஊர்ப்பேச்சுப் பேசக்கூடாதாம். பூதம் கேட்டால் நெல்லைக் கொண்டுபோய்விடும். அதனால் அங்கே நெல் என்று சொல்வதில்லை, 'பொலி'. சுளகு இல்லை, 'குல்லம்'. இப்படி ஒரு தனிப் பாஷை. பெண்களை உள்ளே விடமாட்டார்கள். இவ சோறு கொண்டுபோய் வரம்பில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கியிருக்கிறா. புருஷனுக்கு இது கடைசிவரை தெரியாது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு சொல் சொன்னா. விடியும்போது பாதிக்கு மேல் மறந்துவிட்டேன், கையில் ஒரு பேனைகூட இல்லை. கச்சேரியில் இருபத்தொன்பது வருஷம் எழுதினவளுக்கு அந்த இரவு பேனை இல்லை!

"இப்ப ஏன் அந்தப் பேச்சு இல்லை பெரியம்மா?" என்று கேட்டேன்.

"மெஷின்ட சத்தத்தில பூதத்துக்கே காது கேக்காது. மறுகா ஆருக்கு ஒளிச்சுப் பேசுற?"

காலையில் பால் கான்களோடும் டியூசன் பிள்ளைகளோடும் முதல் பாதையில் வந்துவிட்டேன். கொடுத்த காசைப் பெரியம்மா வாங்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: அவவுடைய பாக்குவெட்டி மழுங்கிவிட்டதாம், "மறுகா வரக்குள்ள டவுனில நல்லதொண்டு பாத்து வாங்கி வா புள்ள." வீட்டுக்கு வந்து பார்த்தால் குடையை அங்கேயே விட்டுவிட்டேன். பெரியம்மாவின் மகள் போன் எடுத்து, குடை பத்திரமாக இருக்கிறது, அவசரமில்லை என்று சொன்னாள்.

பாக்குவெட்டி வாங்கி வைத்துவிட்டேன். குடையை எடுக்க இன்னும் போகவில்லை. நீ மாசியில் தனியாக வருவதாகச் சொன்னாயே, அதுவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும். பேனையும் கொப்பியும் நான் கொண்டுவருகிறேன். நீ அந்தத் தொப்பியை மட்டும் கொண்டுவராதே, கன்றுக்குட்டி விடாது.

உன்,
சாந்தி